யாரிடம் கேட்பது? மலையகத்தில் மாகாண ஆட்சியும் பதில் சொல்லும் கடமையும்

நுவரெலியா மாவட்டத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் பின்புறத் தடுப்புச் சுவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாத மழையில் சரிந்தது. தரம் 6, 7 பிள்ளைகள் படிக்கும் கட்டடத்துக்கும் மண் வெட்டுண்டு நின்ற விளிம்புக்கும் இடையில் எட்டடி தூரம்கூட மிஞ்சவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அப்போது நானும் இருந்தேன். அதிபரும் பெற்றோரும் கையெழுத்திட்டு ஒரே நாளில் மூன்று கடிதங்களை அனுப்பினோம்: கல்வி அலுவலகத்துக்கு ஒன்று, தோட்ட நிர்வாகத்துக்கு ஒன்று, பிரதேச சபைக்கு ஒன்று. கல்வி அலுவலகத்தின் பதில் சிங்களத்தில் வந்தது. சரிந்த பகுதி பாடசாலைக் காணிக்குள் அடங்குகிறதா என்பது உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பாடசாலையை அரசாங்கம் எப்போதோ பொறுப்பேற்றுவிட்டது, அதற்கும் தோட்டத்துக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை என்று பெரிய துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், ஆபீஸில் சொன்னார்கள். பிரதேச சபை எழுத்தில் ஒன்றும் தரவில்லை; தோட்டத்துக்குள் தங்களால் கை வைக்க முடியாது என்பதை வாய்ச்சொல்லாகத் தெரிவித்தது. மூன்று தரப்பாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் தத்தம் பதிலுக்கு ஆதாரமாகக் காட்ட ஒரு சட்டமோ சுற்றுநிருபமோ இருந்தது.

மலையகத்தில் பொதுச் சேவைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘செய்து தரவில்லை’ என்ற முறைப்பாட்டோடு நின்றுவிடுகிறது. செய்ய வேண்டியவர் யார், அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் யாருக்கு உண்டு, அந்தக் கேள்வி எந்த இடத்தில் கேட்கப்பட்டால் பதில் கட்டாயமாகிறது என்பவை அதற்கு அடுத்த கட்டத்துக்குரியவை. அதிகாரப் பகிர்வு என்ற ஏற்பாட்டின் பயனே இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும். ஆனால் வடக்குக் கிழக்கு அரசியலின் நிழலில் நின்றே மாகாண சபைகளைப் பார்த்துப் பழகியதால், மலையகத் தமிழருக்கு அச்சபைகள் எதைத் தந்தன, எதைத் தராமல் விட்டன, இன்று அவற்றின் இடத்தில் என்ன இருக்கிறது என்று தனியாகக் கணக்குப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் வளரவில்லை.

1987இன் இலங்கை–இந்திய ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, மாகாண சபைகளை ஏற்படுத்திய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும், அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் வந்தன. திருத்தத்தின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களை மாகாண சபை நிரல், மத்திக்கு ஒதுக்கிய நிரல், இருவருக்கும் பொதுவான ஒருங்கிய நிரல் என மூன்றாகப் பிரித்தது. தேசிய பாடசாலைகள் என்று வகுக்கப்பட்டவை தவிர்ந்த ஏனைய பாடசாலைகளின் நிர்வாகம், பிரதேச வைத்தியசாலைகள், ஆரம்ப சுகாதாரம், மாகாண வீதிகள், உள்ளூராட்சி மன்றங்களின் மேற்பார்வை ஆகியன மாகாணத்தின் கைக்கு வந்தன. தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பம் அன்றாடம் அரசாங்கத்தைச் சந்திக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

மலையகம் என்று நாம் சொல்லும் நிலப்பரப்பு இந்த ஏற்பாட்டில் ஒரே மாகாணமாக அமையவில்லை. கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள் மத்திய மாகாணத்திலும், பதுளை ஊவாவிலும், இரத்தினபுரியும் கேகாலையும் சப்ரகமுவவிலும் உள்ளன. மத்திய மாகாண சபைக்கு 58 உறுப்பினர்கள், சப்ரகமுவவுக்கு 44, ஊவாவுக்கு 34. நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் மலையகத் தமிழர் சனத்தொகையில் பாதிக்கு மேல் இருந்தாலும், மாகாணமாகப் பார்த்தால் மூன்றிலும் அவர்கள் சிறுபான்மையினரே. ஆகவே ஒரு மாகாண அரசைக் கேள்வி கேட்பது என்பது இங்கே தாமே ஆளும் அரசைக் கேள்வி கேட்பதாக இருந்ததில்லை. பெரும்பான்மையினர் நடத்தும் ஒரு சபைக்குள் ஓரிரு அமைச்சுகளையும் சில ஆசனங்களையும் வைத்துக்கொண்டு தம் பங்கைக் கேட்டுப் பெறுவதாகவே இருந்தது. மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்வி என்ற விடயம் மாகாண அமைச்சர் ஒருவரிடம் தனியாகக் கொடுக்கப்பட்டு வந்த வழமை இப்படி உருவானதே. முதலமைச்சருக்கு மேலதிகமாக நான்கு அமைச்சர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள அரசியலமைப்பு இடம் தராத ஒரு சபையில் அந்த வழமைக்கு மதிப்பு உண்டு. அதற்கு ஒரு விலையும் இருந்தது. தமிழ்ப் பாடசாலை என்றால் அது தமிழ் அமைச்சரின் காரியம் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். வீதி, சுகாதாரம் போன்ற அமைச்சுகளில் தோட்டப்புறம் என்ற சொல்லே அரிதாகத்தான் அடிபட்டது.

பிரதேச சபையின் கதை இன்னும் பழையது. 1937இல் கிராமச் சபைகள் தொடர்பான சட்டம் திருத்தப்பட்டபோதே தோட்டங்களில் குடியிருந்த இந்தியத் தமிழ்த் தொழிலாளர்கள் அச்சபைகளின் வாக்காளர் வட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டார்கள். தோட்டம் தனி உலகம், அதன் வீதியும் தண்ணீரும் கம்பனியின் பொறுப்பு என்பது அதன் உட்கருத்து. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜாவுரிமையைப் பறித்தது; அதைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் நாடாளுமன்ற வாக்கையும் பறித்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகும் நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1986இலும் 1988இலும்தான் வந்தன. எஞ்சியோருக்கு 2003இல் இன்னொன்று தேவைப்பட்டது. முதலாவது மாகாண சபைத் தேர்தல்கள் நடந்ததும் 1988இல்தான் என்பதை இங்கே சேர்த்து வாசிக்க வேண்டும். மற்றச் சமூகங்கள் கிராமச் சபை, பட்டின சபை என்று இரண்டு மூன்று தலைமுறைகளாக உள்ளூர் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டிப் பழகியிருந்தன. நம்மவர்களில் பெரும் பகுதியினரோ அந்தப் பயிற்சியின்றி நேரே மாகாண சபை வாக்குச்சாவடிக்குள் நுழைந்தார்கள். துரையிடம் மனுக் கொடுப்பதும், தொழிற்சங்கத் தலைவர் வழியாகக் காரியம் பார்ப்பதும் நன்கு தெரிந்த வழிகள். சபையின் வரவு செலவுத் திட்டத்தை வாங்கிப் படித்துக் கேள்வி கேட்பது புது வழி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்த வழியில்தான் எவரும் முதலில் நடப்பார்கள்.

1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் பழைய பிரிவினையை முழுதாக அழிக்கவில்லை. அதன் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குப் பெரும் தடையாகவே நடைமுறையில் நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர், தனக்கு வாக்களித்த லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) முன்னால் ஒரு தெருவிளக்குப் போடத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்துக்காகக் காத்திருந்த விசித்திரம் இதனால் வந்தது. சட்டம் திருத்தப்பட்டது 2018இல். அதே ஆண்டு பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்பாக நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரிய பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு கொட்டகலை, அகரபத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகளும் தோன்றின. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இவ்விரு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வசித்தார்கள் என்பதை நினைத்தால், அதுவரை ஒரு சபை எவ்வளவு பேருக்காக நீட்டி இழுக்கப்பட்டிருந்தது என்பது புரியும்.

தடை நீங்கியது பெரிய காரியம். தடை நீங்கினால் கடமை தானாக வந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள்தான் ஏமாந்தார்கள். முன்பு ‘சட்டத்தில் இடமில்லை’ என்றவர்கள் பின்னர் ‘நிதியில்லை’ என்றார்கள். வரிப்பணம் வரக்கூடிய கடைத்தெரு குறைவாகவும் லயங்கள் அதிகமாகவும் உள்ள ஒரு சபைக்கு அந்தப் பதில் முழுப் பொய்யும் அல்ல.

வீதிகளைப் பார்த்தால் இந்தப் பங்கீடு கண்ணுக்கு முன் விரியும். ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. ஈ தரம் உள்ளூராட்சி மன்றத்துக்கு. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ 7 வீதியிலிருந்து ஒரு தோட்டத்தின் மேற்பிரிவு வரை ஓட்டோவில் ஏறினால், அரை மணிக்குள் மூன்று அரசாங்கங்களைக் கடந்து, நான்காவதாக எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தோட்டப் பாதையில் இறங்குவோம். ஓட்டோக்காரர் எந்த இடத்தில் கட்டணத்தை உயர்த்துகிறாரோ அந்த இடமே எல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்வியில் சிக்கல் வேறு வகையானது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களின் பிற்பகுதி தொடங்கிப் பொறுப்பேற்றது. மாகாண சபைகள் வந்ததும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகளாயின. பொறுப்பேற்பு கடதாசியில் நடந்த அளவுக்கு நிலத்தில் நடக்கவில்லை. பல பாடசாலைகளின் காணி எல்லை அளக்கப்பட்டு ஒப்படைக்கப்படவே இல்லை. 1970களில் தேசியமயமாக்கப்பட்ட தோட்டக் காணிகள் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகிய இரு அரச நிறுவனங்களின் பெயரில் இருக்க, 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் போய், பின்னர் நீண்டகாலக் குத்தகையானது. ஆகவே பாடசாலைக் கட்டடம் மாகாணத்தினுடையது, அது நிற்கும் மண் மத்திய அரசின் நிறுவனம் ஒன்றினுடையது, அதன் அனுபோகம் கம்பனியினுடையது. எங்கள் தடுப்புச் சுவர் சரிந்தது இந்த மூன்றுக்கும் நடுவில்.

ஆசிரியர் நியமனம் இன்னொரு பாடம். 2013–2015 காலப்பகுதியில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களைச் சேர்ப்பதற்கு மத்திய அரசு முடிவெடுத்தது. மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பிறகு 10,000 ஆயிற்று. உயர்தரம் சித்தியடைந்த தோட்டத்துப் பிள்ளைகள் வகுப்பறைக்குள் சென்றார்கள். வாசலில் ஆசிரியர் இல்லாமல் காத்திருந்த பிள்ளைகளுக்கு அது நல்ல காலம்தான். ஆனால் அந்த இளைஞர்கள் பயிற்சி முடித்து ஆசிரிய சேவைக்குள் உள்வாங்கப்படும் படிகள் மாகாணத்தின் கையில் இருந்தன. கொடுப்பனவைத் தீர்மானித்தது மத்தி. பஸ் செலவுக்கும் போதாத தொகையோடு ஆண்டுகள் கடந்தபோது, மத்தியைக் கேட்டால் மாகாணத்தைக் காட்டினார்கள், மாகாணத்தைக் கேட்டால் திறைசேரியைக் காட்டினார்கள். அப்போது மத்திய மாகாண சபை இயங்கிக்கொண்டிருந்தது. உறுப்பினர் ஒருவர் எழுந்து, இத்தனை பேர் பயிற்சி முடித்திருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்குச் சேவைக் கடிதம் கொடுத்தீர்கள், மற்றவர்களுக்கு எப்போது என்று கேட்டால் மாகாணக் கல்வி அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொன்னது சபை அறிக்கையில் பதிவாகும். அடுத்த அமர்வில் அந்தப் பதிலையே கையில் பிடித்துக்கொண்டு மீண்டும் கேட்கலாம். இந்த வழியை நம் உறுப்பினர்கள் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பது வேறு விடயம். நான் பார்த்தவரையில், ஒரு பாடசாலைக்கு ஒரு கட்டடம் கேட்பதில் காட்டிய ஆர்வத்தில் கால்வாசியைக்கூட மாகாணம் முழுவதற்குமான ஆளணிக் கணக்கைக் கேட்பதில் அவர்கள் காட்டவில்லை. கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு, ஆளணிக் கணக்குக்கு அது கிடையாது.

அந்த வழியும் பிறகு அடைபட்டது. சப்ரகமுவ மாகாண சபையின் ஐந்தாண்டு 2017 செப்டம்பரில் முடிந்தது, மத்திய மாகாண சபையினது 2018 ஒக்டோபரில், ஊவாவினது 2019இல். நாட்டில் கடைசியாக ஒரு மாகாண சபைத் தேர்தல் நடந்ததே ஊவாவில்தான், 2014 செப்டம்பர் 20ஆம் திகதி. 2017இன் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றி, தொகுதிகளைப் புதிதாக வகுக்கச் சொன்னது. முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையிலான குழு எல்லைகளை வகுத்து அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்டில் அது நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த தரப்பே எதிர்த்து வாக்களித்தது. அதன் பின் அந்த எல்லைகளைத் திரும்பப் பார்க்க அமைக்கப்பட்ட மீளாய்வுக் குழு தன் அறிக்கையைத் தரவில்லை. புதிய முறைக்கு எல்லை இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை என்ற இடைவெளியில் தேர்தல் விழுந்தது. பழைய முறைப்படி தேர்தலை நடத்த முடியாது என்று 2019இல் உயர் நீதிமன்றமும் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தது.

சபை இல்லாவிட்டால் மாகாண நிர்வாகமும் நின்றிருக்க வேண்டும் என்று ஒருவர் நினைக்கலாம். நிற்கவில்லை. அரசியலமைப்பின் 154இ உறுப்புரை மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரத்தை ஆளுநர் நேரடியாகவோ, அமைச்சர் சபையின் அமைச்சர்கள் வழியாகவோ, தன் கீழுள்ள அலுவலர் வழியாகவோ செலுத்தலாம் என்கிறது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. அமைச்சர்கள் போனதும் ‘நேரடியாக’ என்ற சொல் முழு எடையோடு செயற்படத் தொடங்கியது. வரவு செலவுக்கு ஆளுநரே ஒப்புதல் அளித்தார், பிரதம செயலாளரும் அமைச்சுச் செயலாளர்களும் நிர்வாகத்தை நடத்தினார்கள், சம்பளம் போனது, பாடசாலை மணி அடித்தது. நேர்மையாகச் சொன்னால், கொந்தராத்துக்குப் பின்னால் அலையும் உறுப்பினர்கள் இல்லாததால் வேலை சுலபமாக நடக்கிறது என்று பெருமூச்சு விட்ட அதிகாரிகளும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். இழந்தது என்ன என்றால் கேள்வி கேட்கும் அந்த 58 நாற்காலிகளை. கேள்வி நேரம் இல்லை, ஒத்திவைப்புப் பிரேரணை இல்லை, மாகாணக் கணக்குகளைப் புரட்டிப் பார்க்கும் உறுப்பினர் குழு இல்லை, வரவு செலவுத் திட்ட விவாதம் இல்லை. ஆளுநர் பொதுமக்கள் தினம் நடத்தலாம், நல்லவராகவும் இருக்கலாம். அங்கே நாம் வரிசையில் நின்று வேண்டுகோள் வைப்போம். வேண்டுகோளுக்குப் பதில் தருவது அவருடைய தயவு. கேள்விக்குப் பதில் தருவது கடமை.

இந்த வெற்றிடத்தை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு ஓரளவு நிரப்புவதாகச் சொல்லப்படுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள், திணைக்களத் தலைவர்கள், மாவட்டச் செயலாளர் எல்லோரும் ஒரே மண்டபத்தில் உட்காருவதால் பயன் உண்டு. எங்கள் சுவரைப் போன்ற மூன்று தரப்புச் சிக்கலை ஒரே மேசையில் பேச அதைவிட்டால் வேறு இடமில்லை. ஆனால் அது திட்டங்களை ஒருங்கிணைக்கும் கூட்டம். மாகாணத்தின் செலவை அங்கீகரிக்கவோ நிராகரிக்கவோ அதற்கு அதிகாரம் இல்லை. கேட்ட கேள்விக்கு அடுத்த கூட்டத்தில் பதில் வராவிட்டால் ஒன்றும் செய்யவும் முடியாது.

உள்ளூராட்சி மன்றங்களும் இதே பாதையில் போய்த் திரும்பின. 2023 மார்ச்சில் அவற்றின் காலம் முடிந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாகாணத்திலும் பிரதேச சபையிலும் தெரிவுசெய்யப்பட்ட ஒரு ஆள்கூட இல்லாமல் மலையகம் இருந்திருக்கிறது. பொருளாதார நெருக்கடியின் பின்விளைவுகளை லயங்கள் அனுபவித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

பணத்தின் வழியைத் தெரிந்துகொள்ளாமல் பொறுப்பைத் தேட முடியாது. மாகாணங்கள் தாமாகத் திரட்டும் வருமானம் சிறிது. பெரும்பகுதி நிதி ஆணைக்குழுவின் விதப்புரைப்படி மத்தியிலிருந்து மானியங்களாக வருகிறது. அதில் தொகுதிக் கொடை எனப்படுவது அநேகமாகச் சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் போய்விடும். கட்டடம், சுவர், வீதி என்று புதிதாக எதையாவது செய்வதற்கு மாகாண அபிவிருத்தி மானியத்தையே பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஆண்டுத் திட்டம் ஒன்று உண்டு. அந்தத் திட்டத்தில் பாடசாலையின் பெயர் இருந்தால் வேலை நடக்கச் சாத்தியம் இருக்கிறது, இல்லாவிட்டால் எந்த அமைச்சர் எந்த மேடையில் என்ன வாக்குறுதி தந்தாலும் அந்த வருடம் நடக்காது. ஆகவே ஒரு பாடசாலைக்காரரோ தோட்டத்து இளைஞர் மன்றமோ முதலில் கையில் எடுக்க வேண்டிய ஆவணம் அந்தப் பட்டியல். செலவு முடிந்த பிறகு கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வருகிறது. மாகாண சபைகளின், உள்ளூராட்சி மன்றங்களின் கணக்குகளும் அவருடைய கணக்காய்வுக்கு உட்பட்டவை. நாடாளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு அவற்றை விசாரிக்கலாம். மாகாண சபை மூடிக் கிடக்கும்போதும் திறந்திருக்கும் ஒரு ஜன்னல் இது. மலையகத்திலிருந்து நாடாளுமன்றம் போனவர்கள் இந்த ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் அடிக்கடி போகலாம்.

சுகாதாரத்தில் பொறுப்பு இன்னும் பாதி வழியில் நிற்கிறது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்பது 1990களில் தொடங்கிப் படிப்படியாக நடந்தது. பல டிஸ்பென்சரிகள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே தொடர்ந்தன. 1992இல் கம்பனிகளின் வருகையோடு தோன்றி, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அழைக்கப்படும் அமைப்பு பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களையும் சுகாதார நலன்களையும் கவனிக்கிறது. மருத்துவிச்சி மாகாணத்தின் ஆள், தோட்ட வைத்தியர் கம்பனியின் ஆள், பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர் இன்னொரு அமைப்பின் வழிகாட்டலில். ஒரு கர்ப்பிணித் தாய்க்கு இவர்கள் மூவரும் ஒரே வாரத்தில் தேவைப்படுவார்கள். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடத்தைத் திறந்துவைத்தபோது நோர்வூட் மைதானம் கொள்ளாத கூட்டம். அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு ஆண்டும் எத்தனை வைத்தியர், எத்தனை தாதியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்பதற்குக் கூட்டம் வேண்டியதில்லை. ஒரு முத்திரையும் ஒரு தாளும் போதும்.

பொறுப்புச் சிதறிக் கிடந்தால் என்ன நடக்கும் என்பதை மீரியபெத்த காட்டியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்தின் லயங்களை மலை மூடியது. புதிய ஊவா மாகாண சபை தெரிவாகி ஆறு வாரங்கூட ஆகவில்லை. மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்த இடம் அது. எச்சரித்தது ஒரு நிறுவனம், அதைப் பெற்றுக்கொண்டது பிரதேச நிர்வாகம், மாற்றுக் காணி விடுவிக்க வேண்டியது தோட்டம், வீடு கட்ட வேண்டியது இன்னோர் அமைச்சு. கடிதங்கள் கோவைகளில் இருந்தன; மக்கள் லயத்தில் இருந்தார்கள். ஒவ்வொரு ஒக்டோபர், நவம்பர் மழையிலும் மலையகத்தில் இந்தக் கணக்கு மீண்டும் எழுகிறது: அபாயம் என்று குறிக்கப்பட்ட இத்தனை லயங்களில் எத்தனைக்குக் காணி ஒதுக்கப்பட்டது, எத்தனைக்கு வீடு முடிந்தது. ஊர் ஊராக இந்தக் கணக்கைச் சபையில் வைக்கச் சொல்லக்கூடிய மாகாண உறுப்பினர் ஒருவர் இல்லாமல் போய் வருடங்களாகின்றன.

மொழியைப் பற்றி ஒரு சொல். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின் கீழ் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளும் பதுளையின் சில பிரிவுகளும் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருக்கின்றன. தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் பெறுவது அங்கே உரிமை. எங்கள் சுவர் பற்றிய சிங்களப் பதிலை வாசிக்க நாங்கள் ஹட்டன் நகரில் ஒரு கடைக்காரரைத் தேடிப் போனோம். அவர் கடிதத்தை ஓடிப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணுமில்லீங்க, பாக்குறேன்னு போட்டுருக்காங்க’ என்றார். உண்மையில் அதில் காணி எல்லை என்ற முக்கியமான சொல் இருந்தது. அது எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பதில் சொல்லும் கடமை நிறைவேற்றப்பட்டதா என்று பார்க்கும் முன், பதில் புரிந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம் என்பதும் அப்போது எங்களில் எவருக்கும் தெரியாது.

2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சபைகள் மறைந்துபோன இந்த ஆண்டுகளில் மலையகத்துக்கு எஞ்சிய கருவிகளில் கூர்மையானது அதுவே என்பது என் எண்ணம். மாகாணத் திணைக்களம், வலயக் கல்வி அலுவலகம், பிரதேச சபை எல்லாவற்றிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்; மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பிறகு ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். தோட்டக் கம்பனியிடம் இந்தச் சட்டத்தைக் காட்டிப் பதில் வாங்குவது கடினம்தான், ஆனால் அதற்குக் காணியைக் குத்தகைக்குக் கொடுத்த அரச நிறுவனத்திடம் கேட்கலாம். ஒன்றை மட்டும் அனுபவத்தில் கற்றோம்: சுவரைக் கட்டித் தாருங்கள் என்று இந்தச் சட்டத்தின் கீழ் கேட்க முடியாது, கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று சரியாகவே திருப்பி அனுப்புவார்கள். கேட்க வேண்டியது கடதாசியை.

நாங்கள் மூன்று கடதாசிகளைக் கேட்டோம். இந்தப் பாடசாலைக்கு ஒப்படைக்கப்பட்ட காணியின் நில அளவைப் படத்தின் பிரதி. சரிந்த சுவருக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டிருந்தால் அதன் பிரதியும் திகதியும். நடப்பாண்டு மாகாண அபிவிருத்தி மானியத்தின் கீழ் திருத்தப்படவுள்ள பாடசாலைகளின் பட்டியல். தமிழிலேயே எழுதிக் கொடுத்தோம். அலுவலகத்தில் இருந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர், சட்டத்தின் பெயரைப் பார்த்ததும் கதிரையைக் காட்டி எங்களை உட்காரச் சொன்னார். அந்த அலுவலகத்துக்கு நான் அதற்கு முன்பு ஏழெட்டு முறை போயிருப்பேன், உட்கார்ந்ததாக நினைவில்லை.

பதில் நான்காவது வாரத்தில் வந்தது, தமிழில். நில அளவைப் படம் இல்லை என்று ஒரே வரியில் சொல்லியிருந்தார்கள். பட்டியலில் எங்கள் பாடசாலையின் பெயர் இல்லை. ஆனால் மதிப்பீடு இருந்தது. சுவர் சரிவதற்குப் பதினொரு மாதங்களுக்கு முன்பே, அதில் வெடிப்பு விழுந்திருப்பதாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வந்து பார்த்து, அளவெடுத்து, தொகை போட்டுக் கையெழுத்திட்டு, அனுமதிக்காகக் கண்டிக்கு அனுப்பியிருந்தார். யாரும் கேட்காததால் அது அங்கேயே கிடந்திருக்கிறது. அந்தப் பிரதியை இணைத்து எழுதிய அடுத்த கடிதத்துக்கு ‘உறுதிப்படுத்தப்பட வேண்டும்’ என்ற பதில் வரவில்லை. மறு வருடப் பட்டியலில் பாடசாலையின் பெயர் ஏறியது. கம்பி வலைக்குள் கருங்கல் அடுக்கிய சுவர் ஒன்று, கிடைத்த நிதிக்குப் போதுமான நீளத்துக்கு, கட்டடத்தின் இடது மூலையிலிருந்து நடு வரை எழும்பியிருக்கிறது. மீதிப் பாதிக்கான மதிப்பீட்டின் பிரதியைக் கேட்டு அபிவிருத்திச் சங்கத்தின் புதிய செயலாளர், அந்தப் பாடசாலையிலேயே படித்த ஒரு பெண், போன மாதம் விண்ணப்பம் போட்டிருக்கிறார்.